வாடிக்கையாளர் மெயிலுக்குப் பதில் எழுதுவது: மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு சின்னத் தேயிலைக் கடைக்கு வருகிற மெயில்களுக்குப் பதில் எழுதுவதுதான் ஒன்பது வருடமாக என் வேலை. அதற்கு முன் நுவரெலியாவில் ஒரு தங்குவிடுதியில் இதே வேலை. பொதி வரவில்லை, தேயிலை கசக்கிறது, ரயில் எத்தனை மணிக்கு, காசு இரண்டு தடவை வெட்டுப்பட்டுவிட்டது என்று விதவிதமாக வரும். இப்போது தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிகளுக்கும் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கும் இந்த வேலையைச் செய்கிறார்கள். சேர்ந்த முதல் வாரத்தில் போன் எடுத்துக் கேட்பார்கள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

நல்ல பதில் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வாசித்தவர் அதே விஷயத்துக்காக இன்னொரு மெயில் எழுதத் தேவையில்லாமல் செய்துவிட்டால் அது நல்ல பதில். இங்கிலீஷ் எவ்வளவு அழகு, எத்தனை தடவை நன்றி சொன்னோம் என்பதையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மெயில் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது கேள்விகளை எண்ணுங்கள். நான் இன்றைக்கும் ஒரு துண்டுக் கடதாசியில் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொள்கிறேன்.

விடுதிக் காலத்தில் ஒரு மெயில் வந்தது: "14ஆம் திகதி கண்டியிலிருந்து ரயிலில் வருகிறோம். நுவரெலியா ஸ்டேஷனிலிருந்து உங்கள் இடத்துக்கு நடந்து வரலாமா? இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு அறை போதுமா? சுடுதண்ணி எந்நேரமும் இருக்குமா? காசை வந்து கொடுக்கலாமா?" நான்கு கேள்வி. நான் அவசரத்தில் அறை, சுடுதண்ணி, காசு மூன்றுக்கும் பதில் போட்டுவிட்டு நடப்பதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிட்டேன். நுவரெலியா டவுனில் ரயில் ஸ்டேஷனே கிடையாது. இறங்க வேண்டியது நானுஓயாவில், அங்கிருந்து டவுனுக்கு சுமார் 8 கிலோமீற்றர். நமக்குப் பழகிப்போன விஷயம் என்பதால் அது கண்ணில் படவே இல்லை. அந்தக் குடும்பம் 'நுவரெலியா' என்ற பலகையைத் தேடிக்கொண்டே நானுஓயாவைத் தாண்டிப் போய் அம்பேவளையில் இறங்கியது. பொழுது சாய்கிற நேரம், தூறல், கையில் இரண்டு பிள்ளைகள். நல்ல வேளை, ஸ்டேஷனிலிருந்து போன் எடுத்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். நான்கில் மூன்றுக்குப் பதில் எழுதினால் முக்கால் பேர் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கேயும் அரைப் பேர்தான், சில நாளில் அதுவும் இல்லை.

அவர் கேட்காததையும் சொல்லலாமா?

அவருடைய திட்டத்தையே மாற்றக்கூடிய விஷயம் என்றால் சொல்லத்தான் வேண்டும். "ஆகஸ்டில் சிவனொளிபாதமலை ஏறப்போகிறேன், ஹட்டனிலிருந்து எப்படிப் போவது?" என்று ஒருவர் கேட்கிறார். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகச் சொன்னால் கேள்வி முடிந்தது. ஆனால் யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் போனால் வழிநெடுக விளக்கு எரியாது, கடைகள் மூடிக் கிடக்கும், மழை வேறு. இந்த ஒரு வரியை விட்டுவிட்டால், நடுச்சாமத்தில் டோர்ச் இல்லாமல் படியில் நிற்கிறவர் உங்களைத்தான் நினைத்துக்கொள்வார்.

ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும், யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பதிலின் முதல் வரியில் என்ன வர வேண்டும்?

பதில். வணக்கம் சொன்ன கையோடு பதில்.

புதிதாக வருகிறவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தங்களது மின்னஞ்சலுக்கு மிக்க நன்றி. வாடிக்கையாளர் திருப்தியே எமது முதன்மை நோக்கமாகும். தங்களது முறைப்பாடு தொடர்பில் உரிய பிரிவினருடன் கலந்தாலோசித்து ஆவன செய்யப்படும் என்பதை அறியத்தருகிறோம்." நான்காம் தரத்திலிருந்து நாம் வாசித்து வளர்ந்த கந்தோர்க் கடிதங்களின் பாஷை இது. வாசித்து முடித்தவருக்குத் தன் பொதி எங்கே என்று தெரியாது.

இதையே இப்படி எழுதலாம்: "உங்கள் பொதி திங்கட்கிழமை கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டது, உங்கள் நாட்டில் இன்னும் பதிவாகவில்லை. வருகிற வெள்ளிக்குள் பதிவாகாவிட்டால் எங்கள் செலவில் புதுப் பொதி அனுப்புவோம். நீங்கள் இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை."

என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும், அவர் என்ன செய்ய வேண்டும். மூன்றும் வந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரிதான். பொதியைக் காணாமல் இருக்கிற மனிதர் 'நான் யாருக்காவது போன் பண்ண வேண்டுமோ, தபால் கந்தோருக்குப் போக வேண்டுமோ' என்று குழம்பிக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று சொன்னால் நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்.

எவ்வளவு நீளமாக எழுதலாம்?

போனில் ஒரு தடவை விரலால் தள்ளி முடிக்கிற அளவு போதும். செய்முறை சொல்லும்போது மட்டும் நீண்டாலும் பரவாயில்லை. ஒரு வரிக்கு ஒரு வேலை என்று இலக்கம் போட்டு எழுதுங்கள். அழுத்த வேண்டிய பட்டனின் பெயரைத் திரையில் இருக்கிறபடியே எழுதுங்கள். நாமாக மொழிபெயர்த்தால் அவர் அதைத் தேடிக்கொண்டே இருப்பார்.

திட்டி எழுதுகிறவருக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கடையில் சேர்ந்த முதல் வருடம், ஓகஸ்ட் மாதம், ஒருவர் எழுதினார்: "ஏப்ரலில் வந்தது தேயிலை. இப்போது வந்திருப்பது குப்பை. அதே பெட்டி, அதே பெயர். ஏமாற்றுக்காரர்கள்." எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு பந்தி எழுதினேன். எங்கள் கடை எப்படிப்பட்டது, என் அம்மாவும் பாட்டியும் எத்தனை வருடம் கொழுந்து பறித்தவர்கள், கலப்படம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றெல்லாம். அனுப்புமுன் கடை அக்காவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அவர் கேட்டது தேயிலையப் பத்தி. நீ எழுதியிருக்கிறது ஒன்னையப் பத்தி."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு அவர் சொன்னதில் எது உண்மை என்று பார்த்தேன். ருசி மாறியிருக்கிறது என்கிறார். மாறித்தான் இருக்கும். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா எல்லாம் திம்புள்ளத் தேயிலைப் பிரதேசம். இங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை வறண்ட குளிர்காற்று அடிக்கும். அந்த மாதங்களில் பறிக்கிற கொழுந்துக்குத்தான் வாசனை அதிகம். மலைக்கு அந்தப்பக்கம் ஊவாவில் அந்தப் பருவம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஏப்ரலில் அவருக்குப் போனது மார்ச் கொழுந்து, இப்போது போனது மழைக்காலக் கொழுந்து.

கடைசியில் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: "ருசி மாறியிருப்பதாக நீங்கள் சொல்வது சரி. முன்பு வாங்கியது மார்ச் மாதம் பறித்தது, இது ஜூன் மாதம் பறித்தது. எங்கள் பக்கத்தில் மழைக்காலத் தேயிலைக்கு அந்த வாசனை வராது. பறித்த மாதத்தைப் பெட்டியில் எழுதாதது எங்கள் தவறு. காசைத் திருப்பித் தரலாம், அல்லது இப்போது பருவத்தில் இருக்கிற ஊவாத் தேயிலையை மாற்றி அனுப்பலாம். எது வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்." அவர் ஊவாவைக் கேட்டார். இன்றைக்கும் வாங்குகிறார். இன்றைக்கும் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் எழுதுகிறார், அது அவர் சுபாவம். பறித்த மாதம் இப்போது பெட்டியிலேயே இருக்கிறது.

ஏச்சுக்குப் பதில் எழுதாதீர்கள், ஏச்சுக்குள் இருக்கிற தகவலுக்கு எழுதுங்கள். ஆனால் சாதி, இனம், பெண் என்று இழுத்துக் கேவலமாக எழுதினால் நீங்கள் பதில் போட வேண்டியதில்லை. அப்படியே மேலே அனுப்பிவிடுங்கள். அதையும் பொறுத்துக்கொள்வது உங்கள் சம்பளத்தில் சேர்ந்ததல்ல.

எத்தனை தடவை மன்னிப்புக் கேட்பது?

ஒரு தடவை, எதற்கு என்று சொல்லி. "தவறான முகவரியை ஒட்டிவிட்டோம், மன்னியுங்கள்" என்றால் அது மன்னிப்பு. "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்றால் அது ஒலிபெருக்கி அறிவித்தல். அதைக் கேட்டு யாருக்கும் மனம் ஆறியதாக நான் பார்த்ததில்லை. நம் பக்கம் தவறே இல்லாதபோது மன்னிப்பு வேண்டாம். "இரண்டு வாரம் காத்திருந்தது கஷ்டம்தான்" என்று சொன்னால் போதும்.

அவரிடம் விபரம் கேட்க வேண்டியிருந்தால்?

எல்லாவற்றையும் ஒரே மெயிலில் கேளுங்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கடுமை உண்டு, காரணம் சொல்கிறேன்.

பாட்டிக்கு வரவேண்டிய ஒரு பணத்துக்காக ஒரு கந்தோருக்கு எழுதினோம். அடையாள அட்டைப் பிரதி அனுப்பும்படி பதில் வந்தது. அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதையும் அனுப்பினோம். பிறகு, இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இல்லை, சத்தியக் கடதாசி வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை, ஒரு கடதாசியில் ராமாயி என்றிருக்கும், மற்றதில் ராமாய் என்றிருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர் போனது, ஹட்டனுக்கு பஸ் காசும் போனது. மூன்று கடிதத்தில் கேட்டதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கலாம். அந்தக் கடிதங்களை எழுதியவர் கெட்டவரில்லை. தன் முன்னால் இருந்த கடதாசியை மட்டும் பார்த்தார், அவ்வளவுதான்.

அதனால் பொதி காணவில்லை என்று மெயில் வந்தால் நான் ஒரே மூச்சில் கேட்பது இவைதான்: ஓர்டர் இலக்கம், கொடுத்த முகவரி, தபால் கண்காணிப்பு இலக்கம். இலக்கம் என்று மட்டும் சொன்னால் பற்றுச்சீட்டில் இருக்கிற ஏதாவது ஒன்றை அனுப்புவார்கள். "முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் எல், கே என்ற எழுத்துகள், மொத்தம் 13" என்று அடையாளம் சொல்லுங்கள், சரியாக வரும். நம் கம்பியூட்டரிலேயே இருக்கிற விபரத்தை அவரிடம் கேட்காதீர்கள். நமக்குச் சோம்பல் என்பது அவருக்கு விளங்கிவிடும்.

எனக்கே பதில் தெரியாவிட்டால்?

தெரியாது என்பது பிரச்சினையில்லை, எப்போது தெரியும் என்று சொல்லாததுதான் பிரச்சினை. "பொதி கட்டும் பிரிவில் கேட்டிருக்கிறேன். புதன்கிழமை மாலைக்குள் எழுதுகிறேன்" என்று போடுங்கள். புதன் மாலையும் தெரியாவிட்டால் 'இன்னும் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை' என்று எழுதுங்கள். சும்மா இருந்துவிடாதீர்கள்.

"நாளைக் காலை" என்று வெளிநாட்டுக்காரருக்கு எழுத வேண்டாம். யாருடைய காலை? நம் நேரம் கிரீனிச்சை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். லண்டனில் நண்பகல் என்றால் இங்கே அவர்களுடைய குளிர்காலத்தில் மாலை 5.30, கோடையில் 4.30. திகதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள்.

முடியாது என்று எப்படிச் சொல்வது?

முதல் இரண்டு வரிக்குள் சொல்லுங்கள். ஒருவர் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய், அங்கே 'உலக முடிவு' என்ற மலைவிளிம்பில் வெள்ளைப் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, வேன் காசைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினார். விடுதியிலிருந்து எட்டு மணிக்குத்தான் கிளம்பினார். அங்கே ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனி மூடிவிடுவது வழக்கம். அவருக்கு எழுதியது: "மூடுபனிக்காக வேன் காசைத் திருப்பித் தர முடியாது, வேன் ஓடிய செலவு ஓடியதுதான். நாளைக்கும் இங்கே தங்குவதானால் காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், சாப்பாட்டைக் கட்டித் தருகிறோம். அந்த நேரத்தில் போனால் பள்ளத்தாக்கு தெரிய வாய்ப்பு அதிகம்." முடியாது, ஏன், வேறு என்ன செய்யலாம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். முடியாது என்பதை மூன்றாம் பந்தியில் ஒளித்து வைத்தால், அதற்குள் அவர் கிடைக்கும் என்று நம்பிவிடுவார்.

எட்டு மணி என்பது பிந்திய நேரம் என்று அவர் கிளம்புமுன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும் என்பதும் உண்மை. அடுத்த வாரத்திலிருந்து வேன் பதிவு மெயிலிலேயே அதைச் சேர்த்துவிட்டோம்.

எழுதி வைத்த பதில்களைப் பாவிக்கலாமா?

பாவிக்கலாம், ஜிமெயிலிலேயே அதற்கு வசதி இருக்கிறது. வழி சொல்வது, தேயிலையை வைத்துக்கொள்ளும் முறை போன்ற மாறாத விஷயங்களுக்கு நல்லது. ஆனால் தொடக்கத்தையும் அவருடைய பிரச்சினையைச் சொல்லும் வரியையும் ஒவ்வொரு தடவையும் கையால் எழுதுங்கள். "வணக்கம் பெயரை இங்கே போடவும்" என்று நான் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஜிமெயிலில் அனுப்பிய மெயிலைத் திரும்பப் பிடிக்கிற நேரத்தை 30 செக்கன் வரை கூட்டலாம். இன்றைக்கே கூட்டி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பழைய பதில்களை வாசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் தைப்பொங்கல் வரைக்கும் 'தீபாவளிக்காக மூடியிருக்கிறோம்' என்று போய்க்கொண்டிருக்கும்.

ஏஐயை எழுதச் சொல்லலாமா?

மொழியைத் திருத்தக் கொடுங்கள். பதிலை உருவாக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் கடையில் இல்லாத ஒரு விதியை, நீங்கள் தராத ஒரு விலைக்கழிவை அது அழகாக எழுதிவிடும். வாடிக்கையாளர் அதைக் காட்டித்தான் காசு கேட்பார். அவருடைய பெயர், முகவரியை அதில் போடவும் வேண்டாம்.

என் இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இல்லையே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதுவும் தயங்கித் தயங்கி. ஒரு வசனத்தில் ஒரு விஷயம் எழுதத் தெரிந்தால் போதும். தடுமாற வைப்பது இலக்கணப் பிழையைவிட, இங்கே மட்டும் புழங்குகிற கந்தோர் இங்கிலீஷ்தான். 'பதில் எழுதுகிறேன்' என்பதற்கு நாம் 'ரிவேர்ட்' என்போம். லண்டன்காரர் பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. 'வேண்டியதைச் செய்யுங்கள்' என்பதற்கு 'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் எது நீட்ஃபுல் என்று அவருக்கு விளங்காது. செய்ய வேண்டியதை அதன் பெயரிலேயே சொல்லுங்கள்.

தமிழில் வருகிற மெயிலுக்கு?

தமிழிலேயே எழுதுங்கள், யுனிகோட்டில். கந்தோர் கம்பியூட்டர்களில் பாமினி எழுத்துரு இன்னும் கிடக்கிறது. அதில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாதவர் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துக் குவியலாகத் தெரியும், மெய்யெழுத்துப் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

ஐயா, அம்மா என்று தொடங்கி 'நீங்கள்' என்றே எழுதுங்கள். டொரொண்டோவிலிருந்து எழுதுகிற அம்மா "பிள்ளை, உன் பேர் என்ன, எந்தத் தோட்டம்?" என்று உரிமையோடு கேட்பார். அதற்கு ஒரு வரி பதில் சொன்னால் குறைந்துபோக மாட்டீர்கள். அவர் அண்ணன், அக்கா உறவு கொண்டாடினாலும் காசு, திகதி விஷயங்களைத் தெளிவாகவே எழுதி வையுங்கள்.

வங்கி அட்டை இலக்கம், பாஸ்போர்ட் படம் எல்லாம் அனுப்பினால்?

முழு அட்டை இலக்கத்தையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் மெயிலில் ஒருபோதும் கேட்காதீர்கள். அவராக அனுப்பினால், பதிலுக்குக் கீழே அவருடைய மெயில் ஒட்டிக்கொண்டு போகாமல் அந்த வரியை வெட்டிவிட்டு, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மேலதிகாரியிடம் எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று கேட்டு வையுங்கள். பலருக்கு ஒரே அறிவித்தலை அனுப்பும்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத மாதிரி பிசிசியில் போடுங்கள்.

மழையில் கரண்டும் சிக்னலும் போய்விட்டால்?

மே, ஜூனில் இது நடக்கும் என்று தெரிந்தே இருக்கிறோம், ஆகவே முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை. இன்றைக்கு யார் யாருக்குப் பதில் தருவதாகச் சொன்னீர்கள் என்ற பட்டியல் வேறு ஊரில் இருக்கிற ஒருவரிடமும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் வாடிக்கையாளருக்கு "மண்சரிவால் இரண்டு நாள் தொடர்பு இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நேரே அவருடைய கேள்விக்குப் போங்கள். நம் கஷ்டம் முழுவதையும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

'நன்றி' என்று மட்டும் வந்தால் பதில் போடணுமா?

தேவையில்லை. ஆனால் கடைசி வரை வாசியுங்கள். ஒரு அம்மா நன்றி சொல்லிவிட்டு, கீழே "பெட்டி மூலை கொஞ்சம் நனைந்திருந்தது, பரவாயில்லை" என்று எழுதியிருந்தார். தேயிலை நனைந்தால் பரவாயில்லை என்பது கிடையாது. அவருக்கு வேறு பெட்டி அனுப்பினோம், அன்றைக்கு அதே சாக்கில் போன இன்னும் இரண்டு பொதிக்காரர்களுக்கு அவர்கள் எழுதுமுன் நாமே எழுதினோம்.